பழைய இ-ரீடர் மக்கர் பண்ணுதா? புதுசு வாங்குறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாத்துடுங்க

நீடாமங்கலத்துல இருக்க எங்க மாமா போன மாசம் போன் பண்ணி, "மாப்ள, ரீடர் போயிடுச்சு, புதுசு எது வாங்கலாம்னு பாத்து சொல்லு"ன்னாரு. கார்டு நம்பர் வரைக்கும் கையில வெச்சுட்டு ரெடியா இருந்தாரு. எதுக்கும் இருங்க மாமா நான் வரேன்னு பஸ் ஏறிப் போயி பாத்தா ரீடர் நல்லாத்தான் இருக்கு, கேபிள்தான் போயிருக்கு. எண்பது நூறு ரூபாயில முடிஞ்ச வேலைக்கு பதினேழாயிரம் போக இருந்துச்சு. அமேசான் விக்கிற இ-புத்தக ரீடர்தான் கிண்டில், அதுல 2024 மாடல் பேப்பர்ஒயிட் 2025ல இந்தியாவுக்கு வந்தப்ப விலை 16,999. ஒரு மா நெலத்துக்கு நடவு உழவு எல்லாம் பாத்துடலாம் அந்தக் காசுல, அதனாலதான் இத எழுதணும்னு தோணுச்சு.

மன்னார்குடி பக்கம் எங்க படிக்கிற கூட்டத்துல ஒரு பத்து பன்னெண்டு பேர் ரீடர் வெச்சிருக்கோம், கோளாறுன்னா எங்கிட்டதான் கொண்டு வருவாங்க. நான் ஒண்ணும் மெக்கானிக் இல்ல, பத்து வருஷத்துக்கு மேல இதுலயே படிச்சதுல பழகுனதுதான். என்ன அறிகுறி தெரியுதோ அந்த எடத்துக்கு நேரா போயி படிங்க. ஆனா எதுக்கும் முன்னாடி ஒண்ணு: பவர் பட்டன 40 செகண்ட் விடாம அமுக்கிப் பிடிங்க, நடுவுல திரையில ஏதாவது பெட்டி வந்தாலும் கைய எடுக்காதீங்க. கிண்டில்ல இதுதான் ரீஸ்டார்ட். எங்கிட்ட வர்றதுல பாதி இதுலயே சரியாயிடும்.

சுத்தமா ஆன் ஆகல

மொதல்ல கேபிள மாத்துங்க, அப்புறம் சார்ஜர மாத்துங்க. 5 வோல்ட் 1 ஆம்பியர் போட்டிருக்க பழைய போன் சார்ஜரே போதும், போனுக்கு வர்ற 65 வாட் 80 வாட்லாம் இதுக்கு தேவையே இல்ல, சில பழைய ரீடருக்கு அதுல சார்ஜே ஏறாது. லைட் எரியலன்னா போர்ட்ட டார்ச் அடிச்சு பாருங்க. நம்ம ஊர்ல சம்பா அறுப்பு ஆரம்பிச்சா தை மாசி முழுக்க தூசிதான், ரோட்டுலயே நெல்லு காயும், மெஷின் ஓடுற பக்கம் வீடுன்னா உமித்தூசி எல்லா ஓட்டையிலயும் போயி அடைஞ்சுக்கும். மைக்ரோ யூஎஸ்பி போர்ட்ல அது அமுங்கி அமுங்கி கெட்டியாயிடும், கேபிள் போட்டா டொக்குன்னு உக்காராம தொளதொளன்னு இருக்கும். மரக்குச்சி, பல்லுக்குச்சி மாதிரி ஏதாவது வெச்சு மெதுவா எடுங்க, ஊசி குண்டூசி வேணாம், உள்ள இருக்க பின்ன வளைச்சிட்டா அப்புறம் நிஜமாவே செலவு.

ஆறு மாசம் அலமாரியில கெடந்த ரீடர்னா பேட்டரி அடி வரைக்கும் எறங்கியிருக்கும், அஞ்சு நிமிஷம் சார்ஜ் போட்டுட்டு வரலைன்னு முடிவு பண்ணாதீங்க. ராத்திரி பூரா போட்டு வெச்சுட்டு காலையில அந்த 40 செகண்ட். ரெண்டு கேபிள், ரெண்டு சார்ஜர், ஒரு ராத்திரி, இவ்ளோ பண்ணியும் லைட்டும் இல்ல படமும் இல்லன்னாதான் பேட்டரியோ போர்டோ போயிருக்குன்னு அர்த்தம்.

சார்ஜ் நிக்கவே மாட்டேங்குது

இதுதான் அதிகமா வர்ற கம்ப்ளைன்ட், இதுலதான் தப்பா முடிவு பண்ணி புதுசு வாங்குறவங்களும் அதிகம்.

ரீடர் எப்படி வேல செய்யுதுன்னு தெரிஞ்சா இது புரியும். இ-இங்க் திரையில குட்டி குட்டி உருண்டைக்குள்ள கருப்பு துகளும் வெள்ளை துகளும் மிதக்குது, கரண்ட் குடுத்தா ஒண்ணு மேல வரும் இன்னொண்ணு கீழ போகும். வந்து நின்னுட்டா அப்புறம் கரண்டே வேணாம், அப்படியே நிக்கும். பக்கம் திருப்புறப்பதான் செலவு. அதனாலதான் போன்ல 5000 எம்ஏஎச் பேட்டரி இருந்தும் ஒரு நாள் தாண்டல, இதுல ஆயிரத்தைநூறு எம்ஏஎச் கிட்ட இருந்தாலே வாரக்கணக்குல ஓடுது.

2018 நவம்பர் 16 விடியகாலையில கஜா அடிச்சப்ப எங்க தெருவுக்கு கரண்ட் வர இருவது நாளுக்கு மேல ஆச்சு. தென்னை பூரா சாஞ்சு கெடந்துச்சு, கம்பம் எல்லாம் வயல்ல கெடந்துச்சு. போன் மறுநாளே போயிடுச்சு. புயல் வருதுன்னு ரேடியோவுல சொன்னப்பவே ரீடர முழுசா சார்ஜ் பண்ணி வெச்சிருந்தேன், வைஃபை அணைச்சு வெளிச்சத்த ரொம்ப கொறைச்சு வெச்சு அந்த இருட்டுல எங்க வீட்டு பசங்களுக்கு தெனம் கதை படிச்சு காட்டுனேன், ரெண்டு வாரம் தாண்டி ஓடுச்சு. அப்ப அது அஞ்சு வருஷம் பழைய ரீடர். பேட்டரி வயசாச்சுன்னு யாராவது சொன்னா எனக்கு அதுதான் மொதல்ல ஞாபகம் வரும்.

இப்ப உங்களுது ரெண்டு நாள்ல எறங்குதுன்னா பேட்டரிய சந்தேகப்படுறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட். முழு சார்ஜ் போடுங்க, ஏரோபிளேன் மோட் போடுங்க, ராத்திரி மூடி வைங்க, காலையில எவ்ளோ சதவீதம் கொறைஞ்சிருக்குன்னு பாருங்க. ஒண்ணு ரெண்டு கொறைஞ்சா பேட்டரி நல்லாருக்கு, வைஃபைதான் தின்னுட்டு இருந்துச்சு, இனிமே புத்தகம் ஏத்துறப்ப மட்டும் ஆன் பண்ணுங்க. சும்மா இருக்கும்போதே பத்து சதவீதத்துக்கு மேல எறங்குதுன்னா உள்ள ஏதோ ஓடிட்டே இருக்குன்னு அர்த்தம். முக்காவாசி அது இன்டெக்ஸ். புத்தகம் ஏத்துனா தேடுறதுக்கு வசதியா ரீடர் ஒவ்வொரு வார்த்தையா குறிச்சு வெக்கும், யாரோ பென்டிரைவ்ல குடுத்தாங்கன்னு முந்நூறு புத்தகத்த ஒரே அடியா கொட்டுனா நாள் கணக்குல உக்காந்து அதையே பண்ணும். அதுல ஒரு ஃபைல் கெட்டுப்போயிருந்தா அதுலயே மாட்டிக்கிட்டு சுத்திட்டு இருக்கும். பழைய கிண்டில்ல தேடுற பெட்டியில எந்தப் புத்தகத்துலயும் இருக்க முடியாத எழுத்தா நாலஞ்ச அடிச்சு தேடுனா, இன்டெக்ஸ் ஆகாத புத்தகம் எதுன்னு கடைசியில காட்டும். கடைசியா ஏத்துனதுல இருந்து ஒவ்வொண்ணா அழிச்சு பாருங்க. எங்க கூட்டத்துல ஒரு அக்கா ரீடர் இப்படித்தான் ஒரே ஒரு ஃபைலால ஆறு மாசம் தெனம் சார்ஜ் கேட்டுச்சு, அந்த ஃபைல தூக்குனதுக்கப்புறம் மூணு வாரம் நிக்குது.

இதெல்லாம் பாத்தும், தெனம் ஒரு மணி நேரம் படிச்சாலே மூணு நாள் தாண்டலைன்னா பேட்டரிதான். அப்பவும் உடனே புதுசு வேணாம். தண்ணி புகாத மாடல் வர்றதுக்கு முந்தினதுன்னா பெரும்பாலும் தெறந்து பேட்டரி மாத்தலாம், கும்பகோணம் தஞ்சாவூர்ல போன் சர்வீஸ் பண்ணுறவங்க கை பழகுனவங்க பண்ணிடுவாங்க, சரியான மாடல் நம்பர் பேட்டரிய நீங்களே வாங்கிக் குடுக்கணும். தண்ணி புகாத மாடல்னா பசை போட்டு ஒட்டியிருக்கும், தெறந்தா அந்தக் காப்பு போயிடும், திரையும் ஒடைய வாய்ப்பு இருக்கு. அங்க நான் தெறக்கச் சொல்ல மாட்டேன்.

ஒரே ஒரு விஷயத்துல யோசிக்கவே கூடாது. பின்பக்கம் உப்பியிருக்கு, இல்ல திரை ஒரு ஓரமா தூக்கிட்டு நிக்குதுன்னா பேட்டரி ஊதியிருக்கு. சார்ஜ் போடாதீங்க, அமுக்காதீங்க, பசங்க கைக்கு எட்டாம தனியா வெச்சுட்டு கடைக்கு கொண்டு போங்க. சித்திரை வெயில்ல கார் டேஷ்போர்டுல போட்டு வெக்கிறது, தலகாணிக்கு அடியில சார்ஜ் போடுறது, இதுல எல்லாம் பேட்டரி சீக்கிரம் போகும்.

திரையில என்னமோ தெரியுது

போன பக்கத்து எழுத்து நெழல் மாதிரி லேசா தெரியுதுன்னா அது கோளாறே இல்ல, இ-இங்க் அப்படித்தான். செட்டிங்ஸ்ல ஒவ்வொரு பக்கத்துக்கும் ரெஃப்ரெஷ்னு இருக்கும், அத ஆன் பண்ணுங்க, பக்கம் திருப்புறப்ப ஒரு தடவ கருப்பா சிமிட்டும், எழுத்து பளிச்சுன்னு வரும்.

கோடு கோடா நிக்குது, இல்ல பாதி திரையில பழைய படம் ஒறைஞ்சு போயி நிக்குதுன்னா அதான் கவலைப்படுற விஷயம். மேல இருக்க பரப்புல கீறல் கூட இருக்காது, ஆனா இ-இங்குக்கு அடியில மெல்லிசா ஒரு கண்ணாடி இருக்கு, அது ஒடைஞ்சிருக்கும். பஸ்ல கூட்டத்துல பையில வெச்சு அமுங்குறது, படிச்சுட்டு அப்படியே தூங்கி மேல படுத்துடுறது, இந்த ரெண்டுலதான் ஒடையுது. உறுதி பண்ண வழி: கம்ப்யூட்டர்ல கேபிள் போட்டு கனெக்ட் பண்ணுங்க. ரீடர் டிரைவா வந்துச்சுன்னா உள்ள எல்லாம் உயிரோட இருக்கு, திரை மட்டும்தான் போச்சு. உங்க புத்தகம், குறிப்பு எடுத்தது எல்லாத்தையும் அப்பவே காப்பி பண்ணிக்கோங்க, ஹைலைட் பண்ணதெல்லாம் ஒரு டெக்ஸ்ட் ஃபைலாவே இருக்கும் கிண்டில்ல. திரை மாத்துறது கணக்குப் போட்டா கட்டுபடியாகாது, பார்ட்ஸ் வெலை, கூலி, ஒடையாம மாட்டுற கைப்பழக்கம் எல்லாம் சேந்து புதுசு வெலைக்கு கிட்ட வந்துடும். வாரண்டி இருக்கான்னு பாருங்க, இல்லன்னா புதுசு வாங்குங்க, இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல.

தமிழ் எழுத்து கொலையா வருது

இதுல மூணு வகை இருக்கு, மூணும் வேற வேற, குழப்பிக்கக் கூடாது.

கொம்பு, கால் எல்லாம் பிரிஞ்சு தனித்தனியா நிக்குது, இல்ல கட்டம் கட்டமா வருதுன்னா ரீடருக்கே தமிழ் தெரியலைன்னு அர்த்தம். எழுத்த சேத்துக் கோக்குற வேல அந்த சாஃப்ட்வேர்ல இல்ல. கிண்டில் கடையில தமிழ் புத்தகம் வந்ததே 2016 டிசம்பர்லதான், அதுக்கு முந்தின பட்டன் வெச்ச மாடல்கள்ல தமிழ் ஒழுங்கா வராது. அப்டேட் போட்டு பாருங்க, அப்டேட்டே இல்லாத மாடல்னா இந்த எடத்துல புதுசுக்கு மாறுறது நியாயம். தமிழ் படிக்கவே வாங்குன சாமான்ல தமிழ் வரலைன்னா அத வெச்சுட்டு என்ன பண்றது.

இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமா கலந்து வருதுன்னா ரீடர் மேல தப்பே இல்ல, அது பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல டைப் பண்ணின ஃபைல். இப்ப எல்லா எடத்துலயும் ஓடுற யூனிகோட் எழுத்து முறைக்கு மாத்துற கருவி ஆன்லைன்ல நிறைய இருக்கு, மாத்தி ஏத்துங்க. பழைய தமிழ் நூல்கள இலவசமா நெட்ல ஏத்துற மதுரைத் திட்டம் 1998 பொங்கல் அன்னைக்கு ஆரம்பிச்சது, அப்ப யூனிகோட் பழக்கத்துல இல்லாததால ஆரம்ப வருஷங்கள்ல டிஸ்கிங்கிற பழைய எழுத்து முறையில ஏத்துனாங்க, பின்னாடி யூனிகோட்லயும் குடுத்தாங்க. அதனால அங்க எடுக்குறப்ப யூனிகோட் பதிப்பா பாத்து எடுங்க. சம்பளம் வாங்காம இத்தன வருஷமா சங்க இலக்கியத்துல இருந்து தட்டச்சு பண்ணி ஏத்துன அந்த ஆளுங்களுக்கு நான் எப்பவும் கடன்பட்டவன்.

எழுத்து தமிழ்தான், ஆனா கொம்பு இடம் மாறி, வார்த்தை நடுவுல உடைஞ்சு வருதுன்னா, பிடிஎஃப்ப காலிபர்னு ஒரு கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர்ல போட்டு இபப்ங்கிற இ-புத்தக ஃபைலா மாத்தியிருப்பீங்க. தமிழ் பிடிஎஃப்ல இருந்து எழுத்த உருவுனா அப்படித்தான் வரும். இபப்பாவே கெடைக்குதான்னு தேடுங்க, ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் வெப்சைட்ல நிறைய புத்தகம் நேரா இபப்பாவே இருக்கு, 6 இன்ச் திரைக்கு தனி பிடிஎஃப் கூட போட்டிருக்காங்க.

எழுத்து சரியா வருது ஆனா மங்கலா, ண-வுல எத்தன சுழின்னு எண்ண முடியலைன்னா திரையோட புள்ளிக் கணக்க பாருங்க. 2019ல வந்த சாதா கிண்டில்ல அங்குலத்துக்கு 167 புள்ளிதான், இங்கிலீஷுக்கு தாங்கும், சுழியும் புள்ளியுமா இருக்க நம்ம எழுத்துக்கு பத்தாது. 2022 சாதா கிண்டில்ல 300 ஆச்சு. 167ல இருந்து 300க்கு போனா அந்த வித்தியாசம் மொத பக்கத்துலயே தெரியும், அது நல்ல மாத்தம். ஆனா பேப்பர்ஒயிட்ல 2015லயே 300 வந்துடுச்சு, 2024 மாடல்லயும் அதே 300தான். 2015க்கு அப்புறம் வாங்குன பேப்பர்ஒயிட் வெச்சிருக்கவங்க எழுத்துக் கூர்மைக்காக மாத்துறேன்னு சொன்னா நான் தடுத்துடுவேன்.

ஸ்கேன் பிடிஎஃப் படிக்க முடியல

தஞ்சாவூர்க்காரங்களுக்கு இது தனி பிரச்சின. நமக்கு சரஸ்வதி மகால் பதிப்பு, பழைய கோயில் தல புராணம், கல்வெட்டுத் தொகுதி, தமிழ் இணையக் கல்விக்கழகத்து நூலகத்துல இருந்து எறக்குனது, இப்படி ஸ்கேன் பண்ணின புத்தகம்தான் அதிகம் வேணும். அது எல்லாம் படம். எழுத்து அளவ பெருசாக்க முடியாது, 6 இன்ச்ல ஒரு முழு பக்கத்த காட்டுனா எறும்பு ஊருற மாதிரி இருக்கும். ரீடர் கெட்டுப்போச்சுன்னு நெனைக்காதீங்க, மொதல்ல ரீடர படுக்க வசமா திருப்பி படிச்சு பாருங்க, பாதி கஷ்டம் அதுலயே போயிடும். அடுத்தது கே2பிடிஎஃப்ஆப்ட்னு ஒரு இலவச சாஃப்ட்வேர், கம்ப்யூட்டர்ல போட்டு ஃபைல குடுத்தா ஓரத்து வெள்ளைய வெட்டிட்டு வரிய ஒடைச்சு சின்ன திரைக்கு ஏத்த மாதிரி அடுக்கிக் குடுக்கும். படமாவே வெட்டி ஒட்டுறதால தமிழா இங்கிலீஷான்னு அதுக்கு கவலை இல்ல. நல்ல ஸ்கேன்னா அருமையா வரும், கறை படிஞ்ச கோணல் ஸ்கேன்னா சொதப்பும். கிண்டிலுக்குப் பதிலா கோபோ கம்பெனி ரீடர் வெச்சிருக்கவங்க கோரீடர்ங்கிற இலவச சாஃப்ட்வேர் போட்டுக்கிட்டா அதுலயே ஓரம் வெட்டுற வசதி இருக்கு.

இதுக்கு மேலயும் உங்க படிப்பு முக்காவாசி ஸ்கேன்தான், கல்வெட்டு ஆராய்ச்சி பண்றவங்க, பழைய பதிப்பு ஒப்பிட்டு பாக்குறவங்கன்னா, 6 இன்ச்ல இருந்து 7 இன்ச்சுக்கு மாறி காச கரியாக்காதீங்க. போனா ஒரேடியா 10 இன்ச்சுக்கு போங்க. கிண்டில் ஸ்க்ரைப் 2022ல வந்தது 10.2 இன்ச், அங்குலத்துக்கு 300 புள்ளி. அவ்ளோ காசு இல்லன்னா சாதா டேப்லெட் ஒண்ணு ஸ்கேனுக்கு, பழைய ரீடர் கதைக்குன்னு பிரிச்சுக்கோங்க, நான் அப்படித்தான் வெச்சிருக்கேன்.

புத்தகம் உள்ள ஏற மாட்டேங்குது

வைஃபை கனெக்ட் ஆகலைன்னா போன் ஹாட்ஸ்பாட்ட 2.4 கிகாஹெர்ட்ஸ்க்கு மாத்துங்க, பழைய ரீடர் நெறையதுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் கண்ணுக்கே தெரியாது. தேதி நேரம் சரியா இருக்கான்னும் பாருங்க, தப்பா இருந்தா கடை தெறக்காது. 2012 பேப்பர்ஒயிட்டும் அதுக்கு முந்தின கிண்டிலும் 2016 மார்ச் 22க்குள்ள ஒரு அப்டேட் வாங்கியிருக்கணும், அத விட்டுட்டு பொட்டியில கெடந்ததுன்னா தானா நெட்ல சேராது, கம்ப்யூட்டர்ல எறக்கி கேபிள்ல ஏத்தணும்.

இபப் ஃபைல கேபிள்ல நேரா காப்பி பண்ணினா கிண்டில்ல வராது, சென்ட் டு கிண்டில்ங்கிற அமேசான் சேவை வழியா அனுப்புங்க, 2022ல இருந்து இபப் எடுத்துக்குது. மெயில்ல 50 எம்பி வரைக்கும், வெப்சைட்ல 200 எம்பி வரைக்கும். நெட்டே சேராத பழைய கிண்டில்னா காலிபர்ல மாத்தி கேபிள்ல ஏத்துறது இன்னும் நடக்கும். ஆனா காசு குடுத்து வாங்குன புத்தகத்த கம்ப்யூட்டர்ல எறக்கி கேபிள்ல ஏத்துற வழிய அமேசான் 2025 பிப்ரவரி 26ஓட நிறுத்திடுச்சு. அதனால வாங்கிப் படிக்கிறவங்களுக்கு நெட் சேராத ரீடர் ஒரு முட்டுச்சந்து, மாத்திதான் ஆகணும். இலவச தமிழ் புத்தகம் மட்டும் படிக்கிறவங்களுக்கு அந்த அவசியம் இல்ல.

தொட்டா ஒண்ணு, தெறக்குறது ஒண்ணு

கை ஈரம், வேர்வை, எண்ணெய், இத தொடச்சு பாருங்க. திரை பள்ளமா உள்ள இருக்க பழைய ரீடர் சிலதுல இன்ஃப்ராரெட் டச், ஓரத்துல இருந்து வர்ற கதிர எது மறைச்சாலும் விரல்னு நெனைச்சுக்கும். ராத்திரி விளக்கு வெளிச்சத்துக்கு புகையான் பூச்சி மொய்க்கிற சீசன்ல மாடியில உக்காந்து படிச்சா அது ஓரத்துல போயி உக்காந்துக்கும், பக்கம் தானா திரும்பும். மெல்லிய தூரிகையால ஓரம் நாலையும் தட்டி விடுங்க.

மழையில நனைஞ்சிடுச்சு

2018 மாடல்ல இருந்து வந்த பேப்பர்ஒயிட்டுக்கு ஐபிஎக்ஸ்8ங்கிற தண்ணி தாங்குற தரம் இருக்கு, நல்ல தண்ணியில 2 மீட்டர் ஆழம் ஒரு மணி நேரம் வரைக்கும் தாங்குற கணக்கு, போர்ட் காயுற வரைக்கும் சார்ஜ் மட்டும் போடாதீங்க. மத்ததுன்னா அணைச்சுட்டு, உறைய கழட்டிட்டு, ஃபேன் காத்துல ரெண்டு நாள். நம்ம வீடுகள்ல உடனே அரிசி டப்பாவுல புதைச்சிடுவாங்க, வேணாம், தவிட்டுத்தூள் போர்ட்டுக்குள்ள போறதுதான் மிச்சம்.

எல்லாம் சரி, ஆனா படிக்க முடியல

எங்க அப்பாவுக்கு அப்படித்தான் ஆச்சு. பேட்டரி சரி, திரை சரி, ஆனா கொஞ்ச நாளா ரீடர தொடவே இல்ல. கேட்டா "கண்ணு எரியுதுடா, எழுத்து அலையுது"ன்னாங்க. நான் செட்டிங்ஸ்லாம் மாத்தினேன், எழுத்து பெருசு, தடிமன் கூட்டி, வரி இடைவெளி அகலமா. பத்தல. கண்ணு டாக்டர்ட்ட கூட்டிட்டு போனேன், புரை. ஆபரேஷன் பண்ணின ரெண்டு மாசத்துல அதே ரீடர்ல அதே எழுத்த தானா கொறைச்சு வெச்சு படிக்க ஆரம்பிச்சுட்டாங்க. அதனால வீட்ல பெரியவங்க ரீடர் மங்கலா இருக்குன்னு சொன்னா கடைக்கு முன்னாடி கண்ண பாருங்க.

அதுக்கப்புறமும் ராத்திரி அந்த நீல வெளிச்சம் உறுத்துதுன்னாங்க. அவங்க ரீடர்ல மஞ்சள் வெளிச்சம் கெடையாது, பேப்பர்ஒயிட்ல அது 2021ல இருந்துதான் இருக்கு, திரையும் அதுல 6.8 இன்ச் ஆச்சு. அவங்க தெனம் நாலு மணி நேரம் படிக்கிறவங்க, எழுபது வயசுக்கு மேல. எங்க வீட்ல கெட்டுப்போகாத ரீடர மாத்துனது அந்த ஒரு தடவதான், ஒரு நிமிஷம் கூட வருத்தப்படல.

அப்பாவோட பழைய ரீடர கணக்குல இருந்து நீக்கி, ஃபேக்டரி ரீசெட் அடிச்சு, பக்கத்து வீட்ல பதினோராவது படிக்கிற பொண்ணுக்கு குடுத்தோம். நீங்களும் குடுக்குறதா இருந்தா இந்த ரெண்டையும் பண்ணிட்டு குடுங்க, இல்லன்னா உங்க கணக்குல அவங்க புத்தகம் வாங்குற மாதிரி ஆயிடும். சும்மா எடுத்து வெக்கிறதா இருந்தா பாதி சார்ஜ்ல அணைச்சு வெச்சு மூணு மாசத்துக்கு ஒரு தடவ எடுத்து ஏத்துங்க.